கரை எந்தப் பக்கம்?

இது நடந்தது. நடந்த இடம், நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸின் முன்னறை. நாள், 2024 மே மாதம் 2ஆம் தேதி, வியாழக்கிழமை. நேரம் மதியம் 2.52. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். வாதாடுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. ஊரெல்லாம் வெயிலில் இருக்கும்போதுதான் நான் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பேன். எனக்கு நடந்ததும் அந்த நேரத்தில்தான்.

என் பெயர் பரமசிவம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருபத்தொன்பது வருடமாக இங்கே மைன்ஸில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சாதாரணத் தண்ணீர் இல்லை, மேலே வரத் துடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர். அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே நின்று வேலை செய்ய முடியும். அந்தப் பம்புகளின் சத்தம்தான் என் வாழ்க்கை. வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் என் மனைவி சந்திரகலா கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். எங்கள் பெண் ஹரிணிக்குப் பிரசவம். நான் தனியாள்தானே என்று, உடன் வேலை செய்யும் ஒருவருடைய நைட் ஷிப்டையும் நானே வாங்கிக்கொண்டேன். அவருக்கும் கைக்குழந்தை. ஏப்ரல் மாதம் முழுக்க எனக்கு நைட்தான். காலை ஆறரைக்கு வீடு. எட்டு மணிக்குப் படுக்கை. பதினொன்றுக்கு விழிப்பு. அதற்கப்புறம் தூக்கம் வராது. உடம்பு கெஞ்சும். கண் மூடாது. கூலர் முன்னறையில் இருந்ததால் கட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டிருந்தேன்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம்.

நாங்கள் 2013இல் இந்த வீட்டுக்கு வந்தபோதே அது அங்கே மாட்டியிருந்தது. முன்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. தேக்குச் சட்டம், கண்ணாடி. சந்திரகலா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துடைப்பாள். பதினோரு வருடத்தில் நான் அதை ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. தூக்கம் வராத அந்த ஏப்ரலில்தான் பார்க்க ஆரம்பித்தேன். வேறு பார்க்க ஒன்றும் இல்லை என்பதால்தான்.

பழுப்பு மையில், பேனாவால் கையால் வரைந்த படம். கோடுகளின் மேல், மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசியிருந்தது. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில், "ஆம்ஸ்டர்டாம், நீர்க்கரை. பழைய டச்சு ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. வை. நெய்வேலி, 1994" என்று எழுதியிருந்தது.

எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே படத்தைத் தினமும் மூன்று மணி நேரம் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் தெரிந்துவிடும். வாய்க்காலை ஒட்டி ஒல்லியான, உயரமான வீடுகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், மூட்டை தூக்குகிற கொக்கியோடு. பாய்மரத்தைச் சாய்த்து வைத்த படகு ஒன்று. பீப்பாய் உருட்டுகிற இரண்டு பேர். கூடை வைத்திருக்கும் பெண். புகைக்குழாயோடு சும்மா நிற்கிற ஒருவர். எல்லோர் தலையிலும் தொப்பியோ துணியோ. ஒரு நாய். ஆட்களை எண்ணினேன். ஒன்பது பேர்.

கிட்டத்தில் இருப்பதெல்லாம் அடர்த்தியான மை. தூரம் போகப் போக மையில் தண்ணீர் அதிகம். கோயில் கோபுரம் போல ஒன்று பின்னால் இருந்தது. அது மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி அவ்வளவு மங்கல். சில இடத்தில் ஒரே கோடுதான் இருக்கும். அந்த ஒரு கோட்டில் ஒரு மனிதனின் முதுகு வலி தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தண்ணீர்தான். படத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆனால் அதை வரையவே இல்லை. படகுக்குக் கீழே நாலைந்து நெளிவான கோடு, வீடுகளின் நிழலுக்குக் கொஞ்சம் பூச்சு, அவ்வளவுதான். மீதி வெறும் காகிதம். அந்த வெறும் காகிதம் தண்ணீராக அசையாமல் கிடந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியான தண்ணீரை நான் பார்த்ததில்லை. என் தண்ணீர் எப்போதும் குழாயில் இரைந்துகொண்டு ஓடும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காதுக்குள் ஓடும் பம்ப் நின்றுபோகும். அரை மணி நேரம் கண் அசருவேன். அந்த நாட்களில் அது எனக்கு மருந்து.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பக்கத்துக் கரைதான் படத்தில் இருந்தது. இந்தப் பக்கத்துக் கரை இல்லை. தண்ணீர் சட்டத்தின் கீழ் விளிம்பு வரைக்கும் வந்து அப்படியே முடிந்துவிடும். அப்படியென்றால் வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார்? இந்தக் கரையில்தான். பார்க்கிறவர் நிற்கும் இடம்தான் இந்தக் கரை. அதாவது, என் கட்டில்.

அன்றைக்கு அது எனக்கு அழகான விஷயமாகத் தோன்றியது.

ஏப்ரல் 18. மதியம் ஒன்றரை இருக்கும். தண்ணீரின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. பூச்சி எச்சம் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. கண்ணாடிக்கு உள்ளே, காகிதத்தில் இருந்தது. பூஞ்சை பிடிக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வருத்தமாக இருந்தது.

ஏப்ரல் 22. புள்ளி கொஞ்சம் கீழே வந்திருந்தது. சந்தேகத்துக்கு விரலை வைத்து அளந்தேன். சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல். ஏப்ரல் 24. மூன்று விரல். இரண்டு நாள் முன்பு நான்தான் தவறாக அளந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தூங்காதவன் கணக்கு யாருக்கு வேண்டும்?

அன்றைக்கு 2.10க்கு முதல் தடவை சத்தம் கேட்டது.

ளப்... ளப்...

மரத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம். மெதுவாக. குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். குழாய் மூடியிருந்தது. வாளி காலி. திரும்பி வந்தபோது அறையில் ஒரு வாசனை. ஆற்றுச் சேறு வாசனை. டவுன்ஷிப்பில் ஆறு கிடையாது.

என் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போக மாணிக்கம்மாள் வருவார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. அது முடிந்ததும் மதியம் எங்கள் பிளாக்கில் நான்கு வீடு. ஏப்ரல் 26 அன்று துடைப்பத்தைப் பிடித்தபடி அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"சார்."

"என்னம்மா?"

"யாரோ தண்ணில கெடக்கறாங்க சார். யாருமே திரும்பிப் பாக்காம வேலைய பாத்துகினு இருக்காங்க பாருங்க."

நான் அவரிடம் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது புள்ளி இல்லை. தலை. தொப்பி இல்லாத தலை. நனைந்து ஒட்டிய முடி, மூன்றே கோட்டில். கழுத்து வரைக்கும் தண்ணீர்.

மாணிக்கம்மாள் அதற்கப்புறம் அந்த அறைக்குள் வரவில்லை. சமையலறையோடு நின்றுகொண்டார். போகும்போது, முன்னறையில் தரை ஏன் ஈரமாக இருக்கிறது, நான் எதையாவது கொட்டினேனா என்று கேட்டார். படத்துக்கு நேர் கீழே ஒரு முழம் நீளத்துக்கு ஈரம். நான் எதையும் கொட்டவில்லை.

கைபேசியில் படம் பிடித்துச் சந்திரகலாவுக்கு அனுப்பினேன். போன் செய்து, தண்ணீரில் யாராவது தெரிகிறார்களா என்று கேட்டேன். படகும் தண்ணீரும்தான் தெரிகிறது, வேறு ஒன்றும் இல்லை என்றாள். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். தூங்குகிறீர்களா இல்லையா, உடனே லீவு போடுங்கள் என்றாள். பேத்தி பின்னால் அழுதுகொண்டிருந்தது. சரி என்று வைத்துவிட்டேன். லீவு கேட்கக்கூட அலுப்பாக இருந்தது.

ஏப்ரல் 29. இரண்டு விரல்.

ஒரு கை மேலே வந்திருந்தது. விரல்கள் விரிந்து.

அந்தப் பக்கத்தில் பீப்பாய்க்காரர்கள் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கூடைக்காரி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைக்குழாய்க்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். படுத்தேன். கண்ணை மூடினேன்.

ளப்... ளப்... ளப்... ளப்...

வேகமாக. கை அடிக்கிற சத்தம் அது. திணறுகிற சத்தம்.

எழுந்து மறுபடியும் நேராகத் திருப்பி வைத்தேன். சத்தம் மெதுவாக அடங்கியது. கழற்றி வெளியே போட்டிருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். போட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதரை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் பார்க்காவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பயத்தைவிட இந்த எண்ணம்தான் பெரிதாக இருந்தது. பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா?

மே 1 அன்று ஒரு விரல். முகம் நிமிர்ந்திருந்தது. பேனா நுனி தொட்டதுபோல இரண்டு கண்கள்.

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மே 2, வியாழக்கிழமை. காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். அனல் காற்று. ரசம் சாதம் பாதி சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கதவை உள்ளே தாழ் போட்டேன். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தாழ் இறுகலாக இருக்கும், இரண்டு தடவை இழுக்க வேண்டும்.

12.40க்கு விழிப்பு. எதிரே படம். தண்ணீருக்குள் யாரும் இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். தலை இல்லை. கை இல்லை. வெறும் காகிதம். மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கட்டிலில் வந்து உட்கார்ந்து அழுதேன். யாரென்றே தெரியாத ஒருவருக்காக, ஐம்பத்து நாலு வயதில். அழுதபடியே தூங்கிப்போனேன்.

2.49. கரண்ட் போனது.

கூலர் சத்தம் நின்றதில் கண் விழித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால்தான் நேரம் தெரியும். அறை அரை இருட்டு. ஜன்னல் திரை ஓரத்தில் மட்டும் வெயில் கோடு.

சேற்று வாசனை.

சொட்... சொட்... சொட்...

தரையில் நீர் சொட்டுகிறது. மேலிருந்து இல்லை. ஏதோ ஒன்றிலிருந்து. நின்றுகொண்டிருக்கும் ஒன்றிலிருந்து.

கட்டிலின் கால்மாட்டில்.

நான் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

மூச்சுச் சத்தம். தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே வந்தவனின் மூச்சு. இழுத்து... விட்டு... இழுத்து...

 

2.52.

"சார்..."

ஆண் குரல். மரியாதையான குரல். மிகவும் களைத்த குரல். பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பவரைப் போல.

"கரை எந்தப் பக்கம் சார்?"

 என் கை எழுந்தது. அது என் கைதானா என்று எனக்கே தெரியவில்லை. வாசல் கதவைக் காட்டினேன்.

"இந்தப் பக்கம்... நேரா போங்க."



சொட்... சொட்...

பிறகு காலடி. ஈரக் காலடி. சதக்... சதக்...

என்னைக் கடந்து போனது. முழங்கையில் குளிர் பட்டது.

கதவு திறக்கவில்லை. காலடி மட்டும் வெளியே கேட்டது. இரண்டு படி. சிமெண்ட் தளம். கேட்.

அப்புறம் இல்லை.

3.20க்குக் கரண்ட் வந்தது. அதுவரை நான் அப்படியேதான் கிடந்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். படத்துக்குக் கீழேயிருந்து கதவு வரை செருப்பில்லாத ஈரக் கால் தடங்கள். போன தடங்கள் மட்டும். மே மாத வெயில், துணி காயப் போட்டால் பத்து நிமிஷத்தில் காயும். அந்த ஈரம் விளக்கு வைக்கும் நேரம் வரை காயவில்லை. தாழ் போட்டபடியே இருந்தது. அன்று ராத்திரியும் ஷிப்டுக்குப் போனேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் "வை" யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற ஆபீஸில் செந்தில்நாதன் என்று என் பழைய நண்பர் இருக்கிறார். பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் வைத்திலிங்கம், டிராஃப்ட்ஸ்மேன். மைன்ஸ் வரைபடங்களை வரைகிற வேலை. 2013இல் ரிட்டயர் ஆகி, சொந்த ஊரான சேத்தியாத்தோப்பில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்.

படத்தை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மே 12, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஆஃப். படத்தைப் போர்வையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வடலூர் போய், அங்கிருந்து பஸ் மாறினேன். விசாரித்ததில், வெள்ளாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி இல்லாத ஒரு வீட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. எழுபதை நெருங்கிய வயது. நெற்றி வெறுமையாக இருந்தது. நெய்வேலியிலிருந்து வருகிறேன், உங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறேன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ. சட்டை போட்ட, மீசை இல்லாத மனிதர். புது மாலை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

 எப்போது என்று கேட்டேன்.

"பத்து நாளாவுதுங்க," என்றார்.

நான் தாமதமாக வந்துவிட்டதற்கு வருத்தம் சொன்னேன். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.  அந்த அம்மா சொன்னார். வைத்திலிங்கம் காணாமல் போனது 2015 வெள்ளத்தில். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் புரண்டு போனது. இந்த மாதிரித் தண்ணீரை இன்னொரு தடவை பார்க்க முடியாது, பார்த்து வரைந்துகொண்டு வருகிறேன் என்று நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆளைப் பார்க்காமல் எந்தக் காரியமும் செய்ய மாட்டேன் என்று இவர் இருந்துவிட்டார். எட்டரை வருடம் பொட்டோடும் பூவோடும்.

"இந்த மே ரெண்டாந்தேதி, மூணே முக்கா மணிக்கு ஆடு மேய்க்கற பொம்பள ஓடியாந்திச்சி," என்றார். "கரையில யாரோ கெடக்கறாங்கன்னு. போயி பாத்தா அவருதாங்க."

 பையின் மேல் என் கை இருந்தது.

அடையாளம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எட்டரை வருடம் ஆன உடம்பாயிற்றே.

"தெரியாம என்னங்க? போனப்ப எப்பிடி இருந்தாரோ அப்பிடியேதான் இருந்தாரு. அதே சட்ட. எனக்குத்தான் வயசாயிப்போச்சி, அவருக்கு ஒரு நாளுகூட ஆவல." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வேற யாரோன்னுதான் போலீசுல எழுதிகினாங்க. எழுதிகிட்டும். நான் வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

குளிப்பாட்டும்போது அந்தச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்களாம். பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததாம். இரண்டு பேர் மாறி மாறிப் பிழிந்தும் பொழுது சாயும் வரை நிற்கவில்லையாம். கடைசியில் அதை ஈரத்தோடு அப்படியே பாடையில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

 ஆற்றில் இப்போது தண்ணீர் அதிகமோ என்று கேட்டேன்.

அவர் எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டார். வெள்ளாறு தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல், வெயிலில் வெளுத்துப்போய்.

"மாசி மாசத்துலருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க," என்றார்.